எனக்கு ஓசூரில் சித்தி இல்லை

போன தை மாதம் திருப்பத்தூர் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு வயது 31. இந்த வயதில் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஜாதகத்தைவிட, இத்தனை நாள் இவள் எங்கே இருந்தாள் என்பதுதான் முக்கியம். மாப்பிள்ளையின் அம்மா அதை என்னிடம் கேட்கவில்லை. என் அம்மாவிடம் கேட்டார்.

"பொண்ணு ஓசூர்ல எட்டு வருசம் வேலை செஞ்சுதாமே? எங்க தங்கியிருந்துச்சு?"

அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அவங்க சித்தி வீட்லதாங்க. எங்க ஒண்ணுவிட்ட தங்கச்சி அங்கதான் இருக்குது. கம்பெனி பஸ்ல போவும், அதே பஸ்ல வந்துரும். வேற எங்கயும் போவாது."

எனக்கு ஓசூரில் சித்தி இல்லை. எனக்கு அங்கே இருந்தது பாகலூர் ரோட்டில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. வாடகை 4,500. மூன்று பேர் ஆளுக்கு 1,500 போட்டோம். ஒருத்தி அரூர், ஒருத்தி குப்பம், நான் போச்சம்பள்ளிப் பக்கம். வீட்டுக்காரம்மா தெலுங்கில் திட்டுவார், நாங்கள் தமிழில் முணுமுணுப்போம், தண்ணீர் லாரிக்காரர் கன்னடத்தில் சமாதானம் செய்வார். அந்த அறைக்கு மூன்று சாவிகள். ஒன்று என்னுடையது. அதற்கு முன்னும் பின்னும் என் வாழ்க்கையில் எந்த வீட்டுச் சாவியும் என் கையில் இருந்ததில்லை.

அந்த எட்டு வருடத்தை அம்மா ஒரே ஒரு சித்தியைக் கொண்டு மூடிவிட்டாள். நானும் தலை குனிந்து காபித் தட்டை நீட்டினேன். இந்தக் கட்டுரை அந்தத் தலைகுனிவுக்கு எதிராக எழுதுவது.

நான் 2013இல் 19 வயதில் ஓசூருக்குப் போனேன். சிப்காட்டில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. முதல் மாதம் கையில் வந்தது 7,200 ரூபாய். ஷிப்ட் முறை. சி ஷிப்ட் என்றால் இரவு 10 முதல் காலை 6 வரை. முடித்துவிட்டு வெளியே வந்தால் மார்கழிப் பனியில் எதிரே வருகிற லாரி தெரியாது. யூனிபார்ம் மேல் ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், ஐந்தாறு பெண்கள் டீக்கடையில் நின்று டீ குடிப்போம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டீக்கடைக்காரர் சில்லறை இல்லை என்று மட்டும் கோபப்படுவார்.

என் ஊரிலும் டீக்கடை இருக்கிறது. அந்த பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தேர்தல் வந்தால் எங்கள் ஓட்டு யாருக்கு என்று முடிவாவது அந்த பெஞ்சில்தான். வீட்டுக்கு டீ வேண்டுமென்றால் சொம்பைக் கொடுத்துப் பையனை அனுப்புவோம்.

ஓசூரில் அப்படி என்ன இருந்தது என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். டீ குடிக்கவா எட்டு வருடம்? ஆமாம். டீ குடிக்கவும், சி ஷிப்ட் முடித்து வந்து மத்தியானம் 2 மணி வரை யாரும் எழுப்பாமல் தூங்கவும். பகலில் தூங்குகிற பெண்ணால் வீடு விளங்காது என்று சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை. மாதவிலக்கு நாளில் எந்தப் பாத்திரத்தைத் தொட்டாய் என்று கேட்கவும் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் மெஜஸ்டிக் வரை பஸ்ஸில் போய், ஒன்றும் வாங்காமல் சுற்றிவிட்டு, வரும் வழியில் மசால்பூரி தின்றுவிட்டு வரலாம். சந்திரசூடேஸ்வரர் மலையில் ஏறி, சாமி கும்பிட்டாலும் கும்பிடாவிட்டாலும், ஊர் முழுக்க விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரலாம். 'சும்மா' என்பது பெரிய சொல். எங்கே போனாய் என்ற கேள்விக்கு 'சும்மா' என்று பதில் சொல்லும் உரிமை என் அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்து இருக்கிறது. எனக்கு அது எட்டு வருடம் மட்டும் இருந்தது.

2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அண்ணன் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. நான் ஓசூரில். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது மாநில எல்லையும் முக்கால் மணி நேர பஸ் பயணமும்தான். சம்பளத்தில் வித்தியாசம் இருந்தது, உண்மை. ஆனால் அண்ணன் வருவானா, நான் வருவேனா என்று ஒரு பேச்சுகூட வீட்டில் எழவில்லை. எனக்குத்தான் போன் வந்தது. "கெளம்பி வந்துரு பாப்பா." இரண்டு வருடம் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தேன், குளிப்பாட்டினேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அப்பா போன பிறகும் நான் ஏன் திரும்பிப் போகக்கூடாது என்பதற்கு மட்டும் இன்றுவரை யாரும் காரணம் சொல்லவில்லை. எல்லோருக்கும் அது தெரிந்ததுபோல் நடந்துகொள்கிறார்கள்.

நம் மொழியில் ஊர் ஏக்கம் என்றால் மரியாதையான சரக்கு. பிழைக்கப் போன ஆண், சென்னையில் உட்கார்ந்து கிணற்றையும் வேப்பமரத்தையும் திண்ணையையும் நினைத்து உருகினால் அது இலக்கியம். அதே உருக்கம் பாட்டானால் திருவிழாவில் ஒலிபெருக்கியில் போடுவார்கள். அந்த நினைவுகளில் அம்மா எப்போதும் அடுப்படியிலேயே இருப்பாள், அத்தை எப்போதும் கதை சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தத் திண்ணையைச் சாணி போட்டு மெழுகியது யார் என்று உருகுகிறவர் எழுத மாட்டார். ஒரு பெண் ஊரில் உட்கார்ந்துகொண்டு நகரத்தை நினைத்து ஏங்கினால்? அதற்குப் பெயர் ஏக்கம் இல்லை. திமிர். அங்கே எவனோ இருக்கிறான் என்று அர்த்தம். ஏக்கத்தைக்கூட ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி அளக்கிற தராசு இது.

'சொந்த ஊர்' என்ற சொல்லையே கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். இருக்கும் வீட்டை அம்மா, "இது உங்க அண்ணன் வீடு" என்கிறாள். போகப்போகும் வீடு புருசன் வீடு. நிலப் பத்திரத்தில் என் பெயர் இல்லை. 1989ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது, 2005இல் நாடு முழுக்க வந்தது. எங்கள் ஊரில் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்த தங்கச்சிகளைத்தான் நல்ல தங்கச்சி என்கிறார்கள். பிறந்த ஊரில் எனக்குச் சொந்தமாக ஓர் அடி மண் கிடையாது. வாடகை கொடுத்த இடத்தில் சாவி இருந்தது. எதை நான் சொந்த ஊர் என்று சொல்ல?

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் போற்றியவர்களை அம்பேத்கர் கடுமையாகச் சாடினார். குறுகிய மனமும் சாதியும் குடிகொண்ட இடத்தை எதற்குப் புகழ்கிறீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். யாருக்குக் கிராமம் சுகமாக இருந்ததோ அவர்களே அதைப் பற்றி நிறைய எழுதினார்கள். எனக்குத் தெரிந்து ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் பெட்டியோடு இறங்கிய எந்தப் பெண்ணும் முதல் வாரத்துக்குப் பிறகு கிணற்றுக்காக அழவில்லை. அம்மாவுக்காக அழுதிருக்கிறோம். அது வேறு.

இந்த இடத்தில் என் தோழர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள், நான் மதிப்பவர்கள். "ஒப்பந்தக் கூலி, நின்றுகொண்டே எட்டு மணி நேரம், கழிப்பறைக்குப் போக அனுமதி, இதற்கா ஏங்குகிறாய்? முதலாளிக்கு விளம்பரம் செய்கிறாயா?" என்று கேட்பார்கள்.

இல்லை. ஷிப்டை நான் ஒருநாளும் நினைத்து ஏங்கியதில்லை. ஷிப்ட் முடிந்த பிறகு இருந்த நேரத்துக்குத்தான் ஏங்குகிறேன். முழங்கால் வலியும் இடுப்பு வலியும் இன்றைக்கும் என்னோடு இருக்கின்றன. நிரந்தரம் ஆக்காமல் எட்டு வருடமும் என்னை ஒப்பந்தத்திலேயே வைத்திருந்தார்கள். ஓசூர் அறையிலும் சாதி இருந்தது. வீடு தேடிய மூன்று மாதமும், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்காத வீட்டுக்காரர் ஒருவரோ இருவரோதான்.

நகரம் காப்பாற்றும் என்றும் நான் சொல்லவில்லை. 2018 நவம்பரில், சூளகிரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சாதி மீறிக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூரில் குடியிருந்த இளம் கணவன் மனைவி கடத்தப்பட்டார்கள். உடல்கள் கர்நாடகத்தில் காவிரியில் கிடைத்தன. பெண்ணின் உறவினர்கள் கைதானார்கள். அன்று எங்கள் மொட்டை மாடி அறையில் மூன்று பேரும் ராத்திரி முழுக்க விளக்கை அணைக்கவில்லை. குப்பத்துக்காரி அப்போது ஒருவரை விரும்பிக்கொண்டிருந்தாள். அந்த வாரமே அவர் எண்ணை போனிலிருந்து அழித்தாள். ஓசூர் அவர்களைக் கொல்லவில்லை. ஊர் வண்டி எடுத்துக்கொண்டு ஓசூருக்கு வந்தது. தப்பித்து வந்த தூரம் போதவில்லை என்பதுதான் அன்று நாங்கள் கற்றது.

2025 நவம்பரில் இன்னொன்று நடந்தது. ஓசூர் அருகே பெண் தொழிலாளிகள் தங்கும் பெரிய விடுதியொன்றின் குளியலறையில் ரகசியக் கேமரா இருந்தது தெரியவந்தது. பெண்கள் பெருங்கூட்டமாகத் திரண்டு இரவில் போராடினார்கள். அந்தப் போராட்டத்தை நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவில் என்ன பேசினார்கள் தெரியுமா? "இதுக்குத்தான் பொம்பளப் புள்ளைங்கள அனுப்பக் கூடாதுங்கறது. போயி கூட்டியாந்துருங்க." கேமரா வைத்தது ஒருவர் குற்றம். தண்டனை குளித்தவளுக்கு. அவள் பெட்டியைக் கட்ட வேண்டும், வேலையை விட வேண்டும், அடுத்த முகூர்த்தத்தில் கழுத்தை நீட்ட வேண்டும். அந்தப் பெண்கள் கேட்டது வீட்டுக்கு அனுப்புங்கள் என்றல்ல. இங்கேயே பயமில்லாமல் இருக்க வேண்டும் என்று.

தோழர்களுக்கு என் பதில் இதுதான். ஓர் இடத்தை விரும்புகிறவர்கள்தான் அதற்காகச் சண்டை போடுவார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல் என்ற ஆலை நகரம் உண்டு. 1820களிலிருந்து பண்ணை வீட்டுப் பெண்கள் அங்கே நூற்பாலை வேலைக்குப் போய் விடுதிகளில் தங்கினார்கள். கடிகார மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, ஒரே அறையில் பலர் படுத்த வாழ்க்கை. அந்தப் பெண்கள்தான் தங்கள் எழுத்தைத் தாங்களே எழுதிய பத்திரிகையும் நடத்தினார்கள். கூலிக் குறைப்பை எதிர்த்து 1834இலும், விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து 1836இலும் வேலையை நிறுத்தி வீதிக்கும் வந்தார்கள். 11 வயதில் அந்த ஆலைக்குப் போன லூசி லார்கம், 1889இல் அந்த நாட்களைப் பற்றி அன்போடு ஒரு புத்தகம் எழுதினார். அன்பும் வேலைநிறுத்தமும் ஒரே விடுதியிலிருந்து வந்தவை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், விடுதிச் சாப்பாட்டில் விஷமாகி நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு, சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதே நெடுஞ்சாலைதான் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போகிறது. அந்தப் பெண்கள் ஊரில் அவரவர் வீட்டு அடுப்படியில் இருந்திருந்தால் அந்தச் சாலையை மறித்திருக்க முடியுமா? ஒரே அறையில் படுத்ததால் ஒரே சாலையில் உட்கார்ந்தார்கள்.

இன்னொரு வாதம் உண்டு. அதைச் சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். "இப்போது வேலையே நம்ம பக்கம் வந்துவிட்டதே! போச்சம்பள்ளியில் சிப்காட், பர்கூரில் சிப்காட். பெண் பிள்ளைகள் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாமே?" நானும் இப்போது அப்படித்தான் போகிறேன். பக்கத்தில் ஒரு காலணித் தொழிற்சாலை. காலை 7:10க்குத் தெருமுனையில் பஸ் ஏற்றும், மாலை 6:40க்கு அதே தெருமுனையில் இறக்கும். நடுவில் ஓர் இடத்திலும் நிற்காது. வீட்டுக்கு வந்தால் பாத்திரம், துணி, மாடு. சம்பளம் ஓசூரில் வாங்கியதைவிடக் கொஞ்சம் கூடத்தான். சம்பளம் வரும் வங்கிக் கணக்கின் கார்டு அம்மாவின் பீரோவில் இருக்கிறது.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100க்கு 40 பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று நாம் பெருமைப்படுகிறோம். பெருமைதான். ஆனால் வேலை என்பது கூலி மட்டுமா? வேலை வாசலுக்கு வந்தால் பெண் வாசலைத் தாண்ட வேண்டியதில்லை என்பதுதான் பல வீடுகளுக்கு இதில் உள்ள சந்தோஷம். அந்த பஸ் நாலு சக்கரம் வைத்த சித்தி வீடு.

கம்பெனிகளும் இந்தச் சித்தியை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கின்றன. மேற்கே கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் ஒரு காலத்தில் 'சுமங்கலித் திட்டம்' என்றே பெயர் வைத்தார்கள். மூன்று வருடம் விடுதிக்குள் அடைந்து கிட, முடிவில் மொத்தப் பணம், அது உன் கல்யாணத்துக்கு. 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி போட்டது. நிறுவனம் மறுத்தது. ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்த ஒரு ஆலையை விடுங்கள். விளம்பரத்தில் '18 முதல் 25 வயது வரை பெண்கள் தேவை' என்று பார்க்காதவர் இந்தப் பக்கத்தில் உண்டா? கல்யாணத்துக்கு முன் சில வருடம் கம்பெனிக்கு, பிறகு வீட்டுக்கு. கம்பெனியும் வீடும் பேசி வைத்துக்கொண்டதுபோல் நம் வயதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நாம் நமக்காக வாழ்ந்த வருடங்கள் இரண்டு கணக்கிலும் இல்லை.

நாம் ஒருநாளும் போராடாமல் எதுவும் வரவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நான் சி ஷிப்ட் பார்த்ததற்குப் பின்னாலும் ஒரு வழக்கு இருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், காலை 6 முதல் மாலை 7 வரை தவிர மற்ற நேரத்தில் பெண்ணைத் தொழிற்சாலையில் வேலை வாங்கக் கூடாது என்றது. பாதுகாப்பு என்ற பெயரில். பெண்கள் அதை எதிர்த்தார்கள். 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு சமத்துவத்துக்கு எதிரானது என்று செல்லாததாக்கி, போக்குவரத்து, பாதுகாப்பு என நிபந்தனைகள் விதித்து இரவு வேலைக்கு வழிவிட்டது. இரவு வேலையில் சுரண்டல் இல்லையா? இருக்கிறது. ஆனால் அதற்குத் தீர்வு பெண்ணை ஏழு மணிக்குள் வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதல்ல.

அதனால் என் ஏக்கத்தை யாரும் மலரும் நினைவுகள் என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டாம். அதற்குள் கோரிக்கைகள் இருக்கின்றன. கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும், விட்டுவிட்டு வந்தாலும், 40 வயதானாலும் ஒரு பெண்ணுக்கு வாடகைக்கு ஓர் அறை கிடைக்க வேண்டும். விடுதி என்றால் அதன் சாவி வார்டனிடம் மட்டும் இருக்கக் கூடாது. அரசின் தோழி விடுதிகள் ஒவ்வொரு சிப்காட்டுக்குப் பக்கத்திலும் வர வேண்டும். 2021இலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நல்லது. எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் இரவு 8:30. அதற்குப் பிறகும் பெண்கள் உயிரோடுதான் இருக்கிறோம், எங்களுக்கும் பஸ் வேண்டும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தால் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மகளின் வேலையை எடுத்து அந்த ஓட்டையை அடைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அடைத்தது என் எட்டு வருடத்தை வைத்து.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. சித்தியைக் கைவிட வேண்டும். ஓசூரில், திருப்பூரில், ஸ்ரீபெரும்புதூரில் தனியாக வாழ்ந்துவிட்டு வந்த ஒவ்வொருத்தியும் எங்கேயோ ஒரு சித்தியையோ வார்டனையோ ஒன்றுவிட்ட அண்ணனையோ காட்டித்தான் கல்யாணச் சந்தையில் நிற்கிறாள். நாம் மறைக்க மறைக்க, தனியாக இருந்தது என்பது தப்புச் செய்தது என்றே நிலைக்கிறது. அடுத்து போகிற பதினெட்டு வயதுக்காரிக்கும் அதே சித்தியைத்தான் தேடுவார்கள்.

வைகாசியில் இன்னொரு வீட்டார் வந்தார்கள். தர்மபுரி. அதே கேள்வி. அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "சித்தி வீடு இல்லைங்க. வாடகை ரூம். மூணு பொண்ணுங்க தங்கியிருந்தோம்." மாப்பிள்ளையின் சித்தப்பா மீதிக் காபியைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார். போய் போன் செய்கிறோம் என்றார்கள். செய்யவில்லை.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த ரூமுக்கு எவ்ளோ வாடகை குடுத்தீங்க?"

"4,500. என் பங்கு 1,500."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மாடிக்குத் தண்ணி ஏறுமா?" என்று கேட்டாள்.

அம்மாவுக்கு வயது 58. இதுவரை ஒரு ராத்திரிகூட அவள் தனியாக ஓர் அறையில் படுத்ததில்லை. நான் தண்ணீர் லாரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.